கடல் விரால் கூண்டு போடணுமா? குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி சங்காயத்துக்கு வழி பாருங்க

போன் போடுறவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, "ண்ணே, கடல் விரால் குஞ்சு எங்க கெடைக்கும், ஒண்ணு எவ்வளவு?"ன்னு. கடல் விரால்னா கோபியா மீன், கடல்ல வலைக் கூண்டு கட்டி வளக்குறது. சங்காயம்னா விசைப்படகு வலையில சேந்து வர்ற, கறிக்கு விலை போகாத பொடி மீன், அதுதான் கூண்டு மீனுக்கு தீனி. ஏதாவது வீடியோவுல ஒருத்தர் கூண்டுக்குள்ள இருந்து மூணு கிலோ மீனை ரெண்டு கையாலயும் தூக்கி காட்டியிருப்பாரு, அத பாத்துட்டு ராத்திரி தூக்கம் வராம காலையில எனக்கு அடிக்கிறது. நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, அந்த 61 நாளும் உங்க மீனுக்கு என்னத்த போடுவீங்க? இதுக்கு பதில் வச்சிருக்கவங்க ரொம்ப கம்மி. பதில் இல்லேன்னா கூண்டு பைப்புக்கு ஆர்டர் குடுக்காதீங்க, அவ்வளவுதான்.

நானும் கூட்டாளிகளுமா அஞ்சு பேர் சேந்து ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல வடக்கு கடல்ல கூண்டு போட்டவங்க. மொத வருஷம் நல்லா வாங்கி கட்டிக்கிட்டோம், அதுக்கப்புறம்தான் ஓரளவுக்கு புடிபட்டுச்சு. அந்த அனுபவத்துல எழுதுறேன், மீன் டாக்டர் மாதிரி எழுத வராது.

மொதல்ல கொஞ்சம் முன்கதை, சுருக்கமா. கடல் விரால இந்தியாவுல மொத மொத முட்ட போட வச்சு குஞ்சு எடுத்தது நம்ம மண்டபம் கேம்ப்ல இருக்குற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துலதான் (சிஎம்எப்ஆர்ஐ), 2010ல. அடுத்த வருஷமே பொம்பானோ மீனுலயும் குஞ்சு எடுத்துட்டாங்க. கொடுவாய் மீன் குஞ்சு அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1997லயே சென்னை பக்கம் இருக்குற உவர்நீர் மீன் நிலையத்துல வந்துருச்சு. நம்ம ஊர்க்காரங்க கூண்டு பக்கம் திரும்புனதுக்கு காரணம் இது மட்டும் இல்ல, கடல்ல மீன் கொறஞ்சு போச்சு, டீசல் வெல ஏறி போச்சு, கொஞ்சம் அங்கிட்டு தாண்டுனா இலங்கை நேவி புடிச்சுட்டு போறான். வீட்டுல இருக்குறவங்களே "கடலுக்கு போறத விட கரைக்கு பக்கத்துல எதையாவது வளத்து பாருங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நம்ம மீன் எப்பவும் கூண்டுக்குள்ளயே இருக்குது, தேடிப் போக வேண்டியதில்ல. ஆனா தீனிய தேடித்தான் போகணும், அங்கதான் மறுபடி அதே விசைப்படகு கிட்ட போய் நிக்குறோம்.

தீனி கணக்கு

ஒரு கூண்டுன்னா நம்ம பக்கம் வழக்கமா 6 மீட்டர் அகலம் உள்ள வட்டக் கூண்டு, வலை 4 மீட்டர் ஆழம், உள்ள 110 கன மீட்டருக்கு கொஞ்சம் மேல தண்ணி நிக்கும். இதுல 750ல இருந்து 1000 குஞ்சு வரைக்கும் விடலாம். ஆயிரம் விட்டு எட்டுநூறு தப்பிச்சு, ஒண்ணு மூணு கிலோ வருதுன்னு வச்சுக்கங்க, 2400 கிலோ. கேக்க நல்லாத்தான் இருக்கு. இப்ப இன்னொரு பக்கம் பாருங்க, சங்காயமும் சூடைங்குற சின்ன மீனும் போட்டு வளத்தா ஒரு கிலோ கறி ஏற அஞ்சுல இருந்து ஏழு கிலோ வரைக்கும் தீனி போகும். ஆறுன்னு வச்சாலும் 14,400 கிலோ, அதாவது ஒரே ஒரு கூண்டுக்கு பதினாலு டன்னுக்கு மேல. ஒரு பேச்சுக்கு கிலோ 25 ரூபான்னா 3 லட்சத்து 60 ஆயிரம், 35 ஆச்சுன்னா 5 லட்சத்த தாண்டிருது. மீன் வெலயில பத்து ரூபா கொறஞ்சா நமக்கு 24 ஆயிரம்தான் நட்டம், தீனி வெலயில அதே பத்து ரூபா ஏறுனா 1 லட்சத்து 44 ஆயிரம். இத ஒரு தடவ பேப்பர்ல எழுதி பாருங்க, எத மொதல்ல பேசி முடிக்கணும்னு தானா வெளங்கும்.

இதுல சங்காயம் நெனச்ச நேரத்துக்கு கெடைக்கிற சரக்கும் இல்ல. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போறது, அதனால தீனி வாரத்துக்கு மூணு தடவதான் புதுசா வரும், மிச்ச நாளைக்கு ஐஸ் போட்டு வச்சிக்கணும். நடுவுல நேவி நாலு படகு புடிச்சுட்டான்னா ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்னா ஒரு வாரமும் ஆகும் ரெண்டு வாரமும் ஆகும். அவங்க ஸ்ட்ரைக் நியாயமானதுதான், அவங்க புள்ளைக ஜெயில்ல இருக்கு, ஆனா கூண்டுல இருக்குற மீனுக்கு அதெல்லாம் தெரியாது, காலையில படகு சத்தம் கேட்டாலே மேல வந்து வாயத் தொறக்கும். அப்புறம் கோழித் தீவன கம்பெனிக்கு போற மீன் மாவு ஆலைக்காரங்களும் இதே சங்காயத்துக்குத்தான் நிக்குறாங்க, டன் கணக்குல எடுக்குறவங்க கிட்ட வெலயில நாம மல்லுக்கட்ட முடியாது.

தடைக்காலம்தான் பெரிய வேட்டு. முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017ல இருந்து 61 நாள். ஜனவரில குஞ்சு விட்டா ஏப்ரல் நடுவுல மீன் முக்கா கிலோ, ஒரு கிலோ இருக்கும், நல்லா திங்குற வயசு. அப்ப கூண்டுக்கு ஒரு நாளைக்கு அம்பதுல இருந்து எம்பது கிலோ வரைக்கும் வேணும், 61 நாளும் சேத்தா நாலு டன் கிட்ட வருது. நாங்க மொத வருஷம் இத யோசிக்கவே இல்ல. "நாட்டுப்படகுதான் போகுமே, சூடை கெடைக்கும்"னு தைரியமா இருந்தோம். கெடைச்சுச்சு, ஆனா தடைக்காலத்துல சூடைய மனுசங்களே வெல குடுத்து வாங்குறாங்க, மத்த மீனே இல்லாதப்ப. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தீனி போட்டோம், மீன் மெலிஞ்சு தல மட்டும் பெருசா தெரிய ஆரம்பிச்சுச்சு, ஏழு மாசத்துல மூணு கிலோ வர வேண்டியது ரெண்டு கூட தாண்டல.

இப்ப நாங்க பண்றது இதுதான். ஒண்ணு, பெல்லட், அதாவது கம்பெனியில செய்யிற உருண்டைத் தீவனம். பெல்லட் ரெண்டு கிலோ போட்டா ஒரு கிலோ கறி ஏறும், ஆனா கிலோ வெல ஜாஸ்தி, அதனால முழுசா அதுலயே வளக்குறது கட்டுபடியாகல, தடைக்காலத்துக்கு மட்டும் மூட்டை வாங்கி வச்சிக்கிறது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. குஞ்சு பொரிப்பகத்துல இருந்து வரும்போது பெல்லட் தின்னு பழகித்தான் வருது, நாமதான் வந்த மறுநாளே சங்காயத்த வெட்டி போட்டு அதோட நாக்க கெடுத்துடுறோம். அப்புறம் ஏப்ரல்ல திடீர்னு பெல்லட் போட்டா துப்பும், நாலஞ்சு நாள் பட்டினி கெடக்கும். அதனால ஆரம்பத்துல இருந்தே வாரத்துக்கு ரெண்டு நாள் பெல்லட் போட்டு அந்த பழக்கத்த விடாம வச்சிருங்க. ரெண்டு, மார்ச் கடைசியில சங்காயம் சல்லிசா கெடைக்கும்போது ஒன்னரை டன்னாவது வாங்கி ஐஸ் கம்பெனி ரூம்ல வாடகைக்கு வச்சிருங்க. மூணு, நாலு நாட்டுப்படகுக்காரங்க கிட்ட முன்னாடியே பேசி, சீசன் நல்லா இருக்கும்போதும் அவங்க கிட்டயே வாங்குங்க. தடைக்காலத்துல மட்டும் போய் "மச்சான் சூடை இருக்கா"ன்னு நின்னா எவனும் குடுக்க மாட்டான்.

ஒரு விஷயம் மனசுக்கு உறுத்தத்தான் செய்யுது, சொல்லிடுறேன். ஆறு கிலோ மீன போட்டு ஒரு கிலோ மீன எடுக்குறோம். சங்காயத்துல கெடக்குறதுல பாதி காரல், பாதி வளராத பொடிக் குஞ்சு, அதுகள கடல்ல விட்டிருந்தா எவ்வளவோ ஆயிருக்கும். கடல்ல மீன் இல்லேன்னு கூண்டு போட்டுட்டு அந்த கூண்டுக்கே கடல அரிச்சா என்ன அர்த்தம். நம்மாளுகளுக்கு கட்டுபடியாகுற வெலயில பெல்லட் வர்ற வரைக்கும் இந்த தொழில் பெருசாகாதுன்னுதான் நான் நெனக்கிறேன்.

எந்த கடல், எந்த மாசம்

நம்ம மாவட்டத்துக்கு ஒரு வசதி, ரெண்டு கடலும் நம்மகிட்டயே இருக்கு. வாடைக் காத்து அடிக்கிற அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடக்கு கடல், அதாவது பாக் விரிகுடா பக்கம், கொதிக்கும், தெற்கு கடல், அதாவது மன்னார் வளைகுடா, அமைதியா இருக்கும். மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து கெளம்பிட்டா அப்படியே தலகீழ், தெற்கு கடல்ல நிக்க முடியாது, வடக்கு கடல் கொளம் மாதிரி கெடக்கும். இத நம்ம பாட்டன் காலத்துல இருந்து தெரியும், ஆனா வெளியூர்ல இருந்து பணம் போட வர்றவங்களுக்கு தெரியல, ஆகஸ்ட்டுல வடக்கு கடல பாத்துட்டு "சூப்பரா இருக்கே"ன்னு எடம் குறிச்சிட்டு போறாங்க, நவம்பர்ல வந்து பாத்தா கூண்டு கரையில கெடக்கும். 2018 கஜாவும் 2020 புரெவியும் வந்ததெல்லாம் அந்த நவம்பர் டிசம்பர்லதான்.

வடக்கு கடல்ல வளக்குறவங்க ஜனவரி, பிப்ரவரில விட்டு வாடை ஆரம்பிக்கிறதுக்குள்ள, செப்டம்பர் முடியிறதுக்குள்ள, புடிச்சு முடிச்சிரணும். தெற்கு கடல்னா அக்டோபர்ல விட்டு கச்சான் பெருசாகுறதுக்கு முன்னாடி எடுத்துரணும், அது ஏப்ரல் கடைசி, மே மாசமா வரும், அதாவது தடைக்காலத்துல மார்க்கெட்ல மீனே இல்லாத நேரம், வெல உச்சத்துல இருக்கும். தீனி செலவும் அங்கயே முடிஞ்சிரும். கணக்குப்படி இதுதான் நல்ல வழி. ஆனா தெற்கு கடல்ல 21 தீவும் அத சுத்தி இருக்குற பவளப்பாறையும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அதுக்குள்ள ஒரு கல்லு கூட போட முடியாது, போடவும் கூடாது. அதுக்கு வெளியில தோதான எடம் கெடைச்சு அனுமதியும் கெடைச்சா அதிர்ஷ்டம்.

வடக்கு கடல்லயே இருந்துக்கிட்டு தடைக்காலத்து வெலய புடிக்கவும் ஒரு வழி இருக்கு. குஞ்ச நவம்பர்லயே வாங்கி கரையில தொட்டியிலயோ குளத்துலயோ வச்சு கையளவு ஆக்கி, வாடை முடிஞ்சதும் பெரிய குஞ்சா கூண்டுல விடுறது. அப்டி விட்டா ஜூன் முதல் வாரமே கொஞ்சம் மீன் வெட்டுக்கு தயாராயிரும், பெருச மட்டும் பொறுக்கி எடுத்து விக்கலாம், மிச்சத்துக்கு தீனியும் கொறயும். நாங்க இப்ப இதத்தான் பண்றோம். தொட்டிக்கு கரண்டு போகாம பாத்துக்கணும், ஏரேட்டர் அர மணி நேரம் நின்னா போச்சு.

கூண்டு கட்டுறது

இதுல ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, கட்டிக் குடுக்குற ஆளுக இப்ப நெறைய பேர் இருக்காக. ஜிஐ பைப்புல வெல்டிங் பண்ணி அடியில பேரல் கட்டுனா செலவு கம்மி, துருப்புடிக்கும், வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும். எச்டிபிஇங்குற கெட்டி பிளாஸ்டிக் பைப் கூண்டு வெல ஜாஸ்தி, அலைக்கு வளைஞ்சு குடுக்கும், பல வருஷம் வரும். தண்ணி வத்துன நேரத்துலயும் நாலு பாகம் (ஒரு பாகம்னா ஆறடி) ஆழம் இருக்குற எடமா பாருங்க, வலையோட அடிக்கும் தரைக்கும் நடுவுல ஒன்னரை பாகமாவது எடைவெளி வேணும், இல்லேன்னா மீன் கழிவும் மிச்சத் தீனியும் அடியில அழுகி மேல ஏறும். வடக்கு கடல் ஆழமில்லாத கடல், அதனால இந்த ஆழத்துக்கு கரைய விட்டு கொஞ்சம் தள்ளித்தான் போகணும். நீரோட்டம் சுத்தமா இல்லாத மூலையும் வேணாம், வலைய சாய்ச்சு மடக்குற அளவுக்கு இழுக்குற எடமும் வேணாம். நங்கூரத்துல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க.

வலை ரெண்டு அடுக்கு. உள் வலையில மீன், வெளி வலை காவலுக்கு. வெளி வலை எதுக்குன்னு கேட்டா பேத்தை மீன கேளுங்க, அதோட பல்லு கட்டர் மாதிரி, ராத்திரி வந்து கடிச்சுட்டு போனா காலையில கைய விடுற அளவு ஓட்ட இருக்கும். மேல பறவைக்கு ஒரு வலை. குஞ்சு சின்னதா இருக்கும்போது சின்னக் கண்ணு வலை, வளர வளர பெரிய கண்ணுக்கு மாத்தணும். பாசியும் கொட்டலசும் (சிப்பி மாதிரி ஒட்டிக்கிறது) புடிச்சு வலை கண்ணு அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள போகாது. கடல் விராலுக்கு ஒடம்ப மெதக்க வைக்கிற காத்துப் பை கெடையாது, அது நீந்திக்கிட்டே இருக்கணும், மூச்சுக் காத்து கொறஞ்சா மத்த மீன விட சீக்கிரம் திணறும். அதனால சோம்பப்படாம வலைய மாத்துங்க, மாசத்துக்கு ஒரு தடவ டைவிங் தெரிஞ்ச பையன எறக்கி அடி வலைய தடவிப் பாக்க சொல்லுங்க.

அனுமதி விஷயத்துல, எல்லாத்துக்கும் முன்னாடி ஊர்க் கூட்டத்துல பேசுங்க. கரைவலை இழுக்குற எடத்துலயோ நண்டு வலை போடுற பாதையிலயோ கூண்டு வச்சா, கவர்மெண்ட் பேப்பர் இருந்தாலும் ராத்திரியோட ராத்திரியா கயிறு அறுபடும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் மீன்வளத்துறை ஆபீஸ், மெரைன் போலீஸ். 2023ல சட்டத்த திருத்தி கடல் கூண்டையும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு கீழ கொண்டு வந்துட்டாங்க, முன்னாடி அது பெரும்பாலும் றால் பண்ணைக்குத்தான் இருந்துச்சு, அதனால பதிவு பண்றத பத்தி ஆபீஸ்ல கேட்டுக்கங்க. 2020ல வந்த பிரதமரோட மீன்வளத் திட்டத்துல கூண்டுக்கு மானியம் வச்சாங்க, பொதுவா 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60. மானியம் கைக்கு வர லேட்டாகும். அத நம்பி வட்டிக்கு வாங்காதீங்க, மீனவர் கிசான் கிரெடிட் கார்டுக்கு பேங்க்ல எழுதிப் போடுங்க, தீனிக்குத்தான் ஓட்டப் பணம் வேணும்.

குஞ்சு, நோய், வெட்டு

குஞ்சு பதினஞ்சு சென்டிமீட்டர் கிட்ட இருந்தா நல்லது. எண்ணிக்கைய விட ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. நாங்க ஒரு தடவ ஒரு எடத்துல வெல கொறச்சு குடுத்தாங்கன்னு அளவு கலந்த குஞ்ச வாங்கிட்டு வந்து, பெருசு சின்னத முழுங்கி பத்து நாள்ல நூத்தம்பது காணாம போச்சு. செத்துருந்தா மெதந்திருக்கும்ல, ஒண்ணும் மெதக்கல, நல்லா யோசிச்ச பெறகுதான் வெளங்குச்சு. கொடுவாய் இதுல இன்னும் மோசம். குஞ்ச வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கொண்டு வாங்க, டேங்க் தண்ணியில கடல் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்கிட்டு விடுங்க.

மீன் வலையில ஒடம்ப தேய்ச்சுக்கிட்டு, கண்ணு பால் ஊத்துன மாதிரி வெளுத்தா, ஒட்டுண்ணி புடிச்சிருக்குன்னு அர்த்தம். நல்ல தண்ணிய பேரல்ல ரொப்பி படகுல கொண்டு போயி மூணு நாலு நிமிஷம் முக்கி எடுத்தா ஒட்டுண்ணி உதுந்துரும், பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டே செய்யணும், திணறுனா ஒடனே வெளிய. அடைசலா வளத்தாதான் இது ஜாஸ்தி வருது. இன்னொண்ணு பூங்கோரை, கண்ணுக்கு தெரியாத பொடி உயிர் பெருகி கடல் தண்ணி பச்சையாகுறது. 2019 செப்டம்பர்ல மண்டபம் பக்கம் தெற்கு கடல்ல தண்ணி பச்சையா மாறி மீன் செத்து ஒதுங்குனது ஞாபகம் இருக்கும். தண்ணி பச்சையா ஆகுறத பாத்தா அன்னைக்கு தீனிய நிறுத்துங்க, முடிஞ்சா கூண்ட தள்ளி இழுங்க, மீன் வெட்டு அளவுல இருந்தா யோசிக்காம புடிச்சு வித்துருங்க.

பக்கத்துலயே கடல்பாசி வளக்குறவங்கள சேத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் லாபம். கூண்டுல இருந்து வர்ற சத்த பாசி இழுத்துக்கும், அதனால மூங்கில் மிதவையில பாசி நல்லா ஊறும், முனைக்காட்டுல சிஎம்எப்ஆர்ஐக்காரங்க இத செஞ்சு காட்டியிருக்காங்க. 45 நாளைக்கு ஒரு அறுவடை, மீன் வெட்டு வரைக்கும் கைச்செலவுக்கு ஆகும். 2013க்கு அப்புறம் வெக்கையில பாசி கூட்டமா செத்து நம்ம பக்கம் பொம்பளைக பட்ட பாடு தெரியும், அதனால அதையும் முழுசா நம்ப முடியாது, ஆனா கூண்டுக்கு தொணையா நல்லது.

விக்கிறது. கடல் விரால் நம்ம சனத்துக்கு தெரிஞ்ச மீன்தான், ஆனா சீலா மீன் கேக்குற வாய் இத கேக்காது, அதனால ஏலத்துல ஒரே நாள்ல ரெண்டு டன் கொண்டு போய் எறக்குனா வெல பாதியா விழும், வியாபாரிகளும் பேசி வச்சுக்கிட்டு நிப்பாங்க. ஒரு மாசம் முன்னாடியே மதுரை, சென்னை ஆளுக ரெண்டு மூணு பேர் கிட்ட பேசி, இருநூறு முந்நூறு கிலோவா பிரிச்சு எடுங்க. தீனிக்கு அட்வான்ஸ் குடுக்குறேன்னு வர்ற வியாபாரிகிட்ட உஷாரு, அந்தப் பணத்துக்கு மீனோட வெலய அவர்தான் வைப்பாரு. புடிக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடி தீனிய நிறுத்திருங்க, கொடலு காலியா இருந்தா மீன் சீக்கிரம் கெடாது. புடிச்ச கையோட ஐஸும் கடல் தண்ணியும் கலந்த பெட்டியில போட்டுரணும், தோணியில துள்ளவிட்டா கறி செவந்து போகும், வியாபாரி மொதல்ல பாக்குறதே அதத்தான்.

கடைசி மீன் எடுத்ததும் வாடைக்கு முன்னாடி வலைய கழட்டி கரைக்கு கொண்டாந்து, கொட்டலச தட்டி, நல்ல தண்ணியில அலசி, நெழல்ல காய வச்சு கிழிசல தச்சுருங்க. வெயில்ல போட்டா நூலு சீக்கிரம் மக்கிரும். காஞ்சதும் சுருட்டி மூலையில போடாம ஒசரத்துல தொங்கவிடுங்க, போன வருஷம் எங்க வலையில எலி குடும்பம் நடத்திட்டு போயிருந்துச்சு, தச்சு முடிக்க ரெண்டு ஆளுக்கு நாலு நாள் கூலி.